சுண்டுவிரலுக்காக ஒரு கீபோர்டு

வலது கையால் தோசைக்கல்லைத் தூக்க முடியாமல் போன நாளில்தான் எனக்கு உறைத்தது. அதற்கு முன் ஆறேழு மாதமாகவே மணிக்கட்டின் வெளிப்பக்கம், சுண்டுவிரலுக்கு நேர் கீழே, ஒரு கடுப்பு இருந்துகொண்டே இருந்தது. தைலம் தேய்த்தால் அடங்கும், மறுநாள் சாயங்காலம் மறுபடி வரும். அன்றைக்குக் கல் கையிலிருந்து நழுவி, அடுப்பு மேடையின் விளிம்பில் பட்டு, கடப்பாக்கல்லில் ஒரு சில்லு பெயர்ந்தது. அந்தச் சில்லு இன்னும் அப்படியே இருக்கிறது.

நான் கோவையில் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பும் சப்டைட்டில் வேலையும் செய்கிறேன். நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் கை கீபோர்டில்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த லீவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்த் தமிழ் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவள். அந்த மெஷினில் புள்ளியை முதலில் அடிக்க வேண்டும், அப்புறம்தான் எழுத்து. புள்ளி விசையைத் தட்டினால் தாள் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில், புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். 'நகரா விசை' என்பார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப்பொறி வடிவமைத்தபோது கையாண்ட உத்தி அது. அப்போது மனப்பாடமாக அடித்துவிட்டுப் போனேன். ஆங்கிலத்துக்கென்று செய்த இயந்திரத்தைத் தமிழுக்காக ஒருவர் திருத்தியிருக்கிறார் என்பது பல வருடம் கழித்து, கை வலித்த பிறகுதான் மனதில் பட்டது.

டாக்டர் பார்த்துவிட்டுத் தசைநார் அழற்சி என்றார், பிசியோதெரபிக்கு அனுப்பினார். பிசியோதெரபிஸ்ட் அம்மா கையைத் தொடுவதற்கு முன்பே ஒரு வேலை கொடுத்தார். "நீங்க டைப் பண்றத அஞ்சு நிமிஷம் வீடியோ எடுத்துட்டு வாங்க. பக்கவாட்டுல ஒண்ணு, மேல இருந்து ஒண்ணு." இந்தக் கதையிலேயே காசு செலவில்லாத, அதிகம் பயன்பட்ட யோசனை இதுதான். வலி இருக்கிறவர்கள் எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு மறந்துபோய் வேலை செய்ய வேண்டும். கேமரா ஓடுகிறது என்று நினைவிருந்தால் எல்லோரும் நேராக உட்கார்ந்துவிடுவோம்.

வீடியோவில் தெரிந்தது வேறு ஒரு பெண். தோள் இரண்டும் காது வரை ஏறியிருந்தன. மேசை 75 செ.மீ. உயரம், என் உயரத்துக்கு அது அதிகம். கீபோர்டின் பின்பக்கம் இரண்டு குட்டிக் கால்கள் இருக்குமே, அவற்றை மடக்காமல் நிமிர்த்தி வைத்திருந்தேன். அதனால் மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்து கிடந்தது. மேலிருந்து எடுத்த வீடியோ இன்னும் மோசம். முழங்கையிலிருந்து கை உள்நோக்கிச் சாய்வாக வருகிறது, விரல்கள் மட்டும் நேராக நிற்க வேண்டியிருப்பதால் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் ஒடிந்தாற்போல வளைந்திருக்கிறது. வலது கை மவுஸுக்குப் போகும்போது எண் விசைகளின் பாத்தியைத் தாண்டி ஒரு முழம் வெளியே போய் வருகிறது.

சரி, முதலில் காசில்லாத வைத்தியம். நாற்காலியை உயர்த்தினேன், தொங்கிய கால்களுக்குக் கீழே பழைய செய்தித்தாள் கட்டு வைத்தேன். கீபோர்டின் குட்டிக் கால்களை மடக்கினேன். மவுஸை இடது கைக்கு மாற்றினேன். ஒரு வாரம் எரிச்சலாக இருந்தது, இரண்டாவது வாரம் பழகிவிட்டது. செலவென்றால் எண் விசைகள் இல்லாத சிறிய கீபோர்டு ஒன்று மட்டும் வாங்கினேன். இரண்டு மாதத்தில் வலி பாதியாகிவிட்டது. அடுத்து நான் சொல்லப்போகும் சால்டரிங், டயோடு, லேசர் கதைகளெல்லாம் மீதிப் பாதிக்குத்தான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீபோர்டு கட்டினால்தான் கை பிழைக்கும் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். இன்னொன்று: கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் இவை இரவில் மரத்துப்போய் எழுப்பிவிடுகின்றன என்றாலோ, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்திருக்கின்றன என்றாலோ அது நரம்பு சம்பந்தப்பட்டது. முதலில் டாக்டர்.

மீதிப் பாதி வலி எங்கிருந்து வருகிறது? அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. மணிக்கட்டு வளைவது கீபோர்டின் வடிவத்தால். அந்த வடிவம் வந்த வழி சுவாரசியமானது. 1870களில் ஷோல்ஸ் செய்த தட்டச்சுப்பொறியில் ஒவ்வொரு விசையிலிருந்தும் ஒரு கம்பி பின்னால் போகும். மேல் வரிசை விசையின் கம்பியும் கீழ் வரிசை விசையின் கம்பியும் ஒன்றை ஒன்று இடிக்கக் கூடாது என்பதால் வரிசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்தார்கள். கம்பி போய் நூறு வருடமாகப் போகிறதோ இல்லையோ, கணினிக் கீபோர்டில் கம்பியே கிடையாது. ஆனாலும் இன்றைக்கும் நடு வரிசை மேல் வரிசையிலிருந்து கால் விசை அகலமும், கீழ் வரிசை நடு வரிசையிலிருந்து அரை விசை அகலமும் வலப்பக்கம் தள்ளியே இருக்கின்றன. வலது கைக்கு ஓரளவு பொருந்தும் இந்தச் சாய்வு, இடது கைக்கு நேர் எதிர்த்திசை.

இதைத் திருத்த நினைத்தவர்கள் புதியவர்கள் இல்லை. 1926-லேயே ஜெர்மனியில் க்ளோக்கன்பெர்க் என்பவர் விசைப்பலகையை இரண்டாகப் பிரித்துச் சாய்க்கச் சொல்லியிருக்கிறார். 1970களில் இங்கிலாந்தில் தட்டச்சுப் பயிற்சி அளித்துவந்த லில்லியன் மால்ட்டும் பொறியாளர் ஸ்டீஃபன் ஹாப்டேயும் சேர்ந்து 'மால்ட்ரான்' செய்தார்கள். விரல் நீளத்துக்கேற்பக் கிண்ணம்போலக் குழிந்த பலகை, கட்டைவிரலுக்குத் தனி விசைக்கூட்டம். 1992-இல் கினெசிஸ் என்ற நிறுவனம் அதே வழியில் போனது. 1994-இல் மைக்ரோசாஃப்டின் 'நேச்சுரல்' வந்து சாதாரணக் கடைகளிலும் பிரித்த கீபோர்டு கிடைக்க ஆரம்பித்தது. டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த ஒரு பெண்மணி இந்த வரிசையில் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. தினமும் பத்துப் பேர் கையைப் பார்க்கிறவருக்குத்தானே தெரியும்.

வாங்கலாம் என்று பார்த்தால் இறக்குமதி விலை மலைக்க வைத்தது. அப்போதுதான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் அண்ணன் மகன் வந்து உட்கார்ந்தான். "அத்தை, இத நாமே கட்டலாம், டிசைனெல்லாம் ஓசிலயே கெடைக்குது" என்று ஜப்பானியர் ஒருவர் வடிவமைத்துப் பொதுவில் விட்ட 'கார்னே' என்ற கீபோர்டைக் காட்டினான். இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியிலும் மூன்று வரிசை, ஆறு நிரல், கட்டைவிரலுக்கு மூன்று. மொத்தம் 42 விசை. அட்டையில் அதே அளவில் வரைந்து, கத்தரித்து, மேசையில் வைத்து நான் காற்றில் அடித்துப் பார்த்தேன்.

"என்ன அத்தை, எல்லா எழுத்தும் வருதா?"

"ஞ எங்கடா?"

அவனுக்குப் புரியவில்லை. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, வரிசைக்குப் பத்து விசை போதும். நான் கணினியில் அடிப்பது தமிழ்99 என்ற விசை அமைப்பில். அதற்கு 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி, ஆக 31 விசை வேண்டும். அதில் ச-வும் ஞ-வும் மேல் வரிசையில், பி (P) எழுத்துக்கு வலப்பக்கம், சதுர அடைப்புக்குறி இருக்கும் இரண்டு விசைகளில் இருக்கின்றன. கார்னேயில் பி-க்கு அப்புறம் ஒரே ஒரு நிரல். ச-வுக்கு இடம் உண்டு, ஞ-வுக்கு வீடில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று எழுத முடியாத கீபோர்டு.

அட்டையில் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. வலது சுண்டுவிரல் சும்மா இருப்பதே இல்லை. ண, ச, ஞ, ந, ய, ழ. பதினெட்டு மெய்யில் ஆறு அந்த ஒரு விரலுக்கு. 'நிகழ்ச்சி' என்று அடித்துப் பாருங்கள். ந, இ, க, ழ, புள்ளி, ச, ச, இ. எட்டுத் தட்டு. அதில் ந, ழ, ச, ச நான்கும் வலது சுண்டுவிரல். 'எழுச்சி'யில் ஆறுக்கு மூன்று. இது போதாதென்று என்டர், பேக்ஸ்பேஸ், வலது ஷிஃப்ட் எல்லாம் அதே விரலுக்குத்தான். பத்து விரலில் மெலிந்தது எதுவோ அதன் தலையில் கட்டியிருக்கிறோம். இடது சுண்டுவிரலுக்கோ அ, ஆ, ஔ. சொல்லின் முதலில் வந்தால்தான் பெரும்பாலும் அ-வை அடிக்கவே வேண்டும். ஔ எப்போதாவது. ஆ ஒன்றுதான் உழைக்கிறது.

தமிழ்99-ஐக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி உருவாகி அரசு ஏற்ற தளக்கோலம் அது. உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். அதனால் கைகள் மாறி மாறி விழும், வேகம் தானாக வரும். ஒரே மெய் இரண்டு முறை அடித்தால் புள்ளி தானே விழும்; ந-த, ம-ப, ஞ-ச போன்ற இணைகளுக்கும் அப்படியே. நல்ல மூளை உழைத்த வேலை. ஆனால் 31 எழுத்தையும் கடையில் விற்கும் பலகையில்தான் அவர்கள் உட்கார வைக்க வேண்டியிருந்தது, அந்தப் பலகையில் மிச்ச இடம் இருந்தது வலது ஓரத்தில் மட்டும். பலகையையே மாற்றலாம் என்றால்?

அந்த ராத்திரி மால்ட்ரானைப் பற்றி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் அதிகம் வரும் 'இ' (E) எழுத்தை அவர்கள் கட்டைவிரலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை வருடம் என் வலது கட்டைவிரல் ஸ்பேஸ் தட்டியது, இடது கட்டைவிரல் காற்று வாங்கியது. ஸ்பேஸை இடது கட்டைவிரலுக்குக் கொடுத்துவிட்டு ச-வை வலது கட்டைவிரலுக்குக் கொண்டுவந்தால்? ச காலி செய்யும் இடத்தில் ஞ குடியேறிவிடும். என்டர் வலது கட்டைவிரலின் இரண்டாவது விசை, பேக்ஸ்பேஸ் இடது கட்டைவிரலின் இரண்டாவது விசை. மணி பதினொன்றரைக்கு அண்ணன் மகனுக்குப் போன் செய்தேன். அவன் தூங்கிவிட்டிருந்தான், அண்ணன்தான் எடுத்து என்னவோ ஏதோ என்று பயந்துபோனார்.

வடிவத்தை என் கையிலிருந்தே எடுத்தோம். ஸ்டாம்ப் மையில் விரல் நுனிகளைத் தொட்டு, கையைத் தளர்வாக வெள்ளைத்தாளில் வைத்து, ஒவ்வொரு விரலையும் இயல்பாக நீட்டி மடக்கிப் புள்ளி வைத்தேன். பத்துத் தாள். அம்மா பார்த்துவிட்டு, "கோலப் புள்ளியா, ரங்கோலியா?" என்றார். புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால் நடுவிரல் நிரலைவிடச் சுண்டுவிரல் நிரல் 21 மி.மீ. கீழே வந்தது. கடையில் கிடைக்கும் கீபோர்டில் இந்த இறக்கம் பூஜ்யம். உங்கள் கையில் வேறு எண் வரும். என் அளவை எடுத்துக்கொள்ளாதீர்கள், மையை வாங்குங்கள்.

அடுத்து சுவிட்ச் மாட்டும் தகடு. விசைக்கு விசை நடுப்புள்ளியிலிருந்து நடுப்புள்ளி 19.05 மி.மீ., அதாவது முக்கால் அங்குலம். சுவிட்ச் நுழைய 14-க்கு 14 மி.மீ. சதுரத் துளை. இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் போனேன். தடிமன் விஷயத்தில் கோட்டை விட்டேன். பெயர்ப் பலகை செய்யும் கடையில் 3 மி.மீ. அக்ரிலிக்கில் அழகாக வெட்டிக் கொடுத்தார்கள். சுவிட்சின் இரு பக்கமும் உள்ள கொக்கி 1.5 மி.மீ. தகட்டைக் கவ்வுவதற்குத்தான் செய்யப்பட்டது. மூன்றில் கவ்வவில்லை, விசையின் மேல்மூடியான கீகேப்பைப் பிடுங்கினால் சுவிட்சும் சேர்ந்து வந்தது. போதாக்குறைக்கு லேசர் தானும் கொஞ்சம் தின்றுவிடும், துளை ஒரு மயிரிழை பெரிதாகும். இரண்டாவது முறை கோவை கணபதி பக்கம் ஒரு பட்டறையில் 1.5 மி.மீ. தகட்டில், முதலில் மூன்றே மூன்று துளை மட்டும் மூன்று அளவில் வெட்டச் சொல்லி, சுவிட்சை மாட்டிப் பார்த்துவிட்டு மீதியை வெட்டினோம். வெட்டியவர் தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஏனுங்கக்கா, இது சல்லடைங்களா?"

சுவிட்ச் தேர்வைப் பற்றி ஊரே சண்டை போடும், நான் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். முதலில் 'டக் டக்' என்று சத்தம் போடும் நீல ரகம் வாங்கினேன், டைப்ரைட்டர் ஞாபகத்தில். மூன்றாம் நாள் வீட்டில் ஓட்டெடுப்பு நடந்து தோற்றேன். பிறகு 45 கிராம் அழுத்தத்தில் அமுங்கும் சத்தமில்லாத ரகம். 4 மி.மீ. பயணத்தில் பாதி வழியிலேயே, 2 மி.மீ.-இலேயே எழுத்து விழுந்துவிடும்; அடி வரை குத்த வேண்டியதில்லை என்பதை விரலுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் மாதக்கணக்காகும். டைப்ரைட்டரில் பழகிய கை எனக்கு. சுத்தியல் மாதிரி விழும்.

கம்பி வேலை. ஒரு பாதியில் 21 விசை. எந்த விசை அமுங்கியது என்று கணினிக்குச் சொல்வது கன்ட்ரோலர் போர்டு. நாங்கள் எடுத்த குட்டி போர்டில் கம்பி இணைக்க 18 கால்தான். விசைக்கு ஒரு கால் கொடுக்க முடியாது, அதனால் பந்திக் கணக்கு: மூன்றாவது வரிசை, நாலாவது இலை என்றால் ஒரே ஒருவர்தானே? அதுபோல நான்கு வரிசைக் கம்பி, ஆறு நிரல் கம்பி, பத்துக் காலில் முடிந்தது. கன்ட்ரோலர் ஒவ்வொரு வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு சிக்கல் உண்டு. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலையில் உள்ள விசைகளைச் சேர்த்து அமுக்கினால் மின்சாரம் சுற்றுவழியில் புகுந்து, தொடாத நாலாவது மூலையும் அமுங்கியதாகக் காட்டும். அதைத் தடுக்க விசைக்கு ஒரு டயோடு, 1என்4148. ஓரிரு ரூபாய்ச் சாமான். மின்சாரத்தை ஒரு வழியில் மட்டும் விடும். கறுப்புக் கோடு எல்லாவற்றிலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும்.

42-இல் ஒன்றைத் திருப்பிப் பற்றவைத்துவிட்டேன். 'ம' விழவில்லை. எங்கே தப்பு என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினோம். மல்டிமீட்டரில் டயோடு நிலை என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு விசையையும் அமுக்கி, கன்ட்ரோலரைப் பற்றவைப்பதற்கு முன்பே சோதித்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். கன்ட்ரோலரைப் பற்றவைத்த பிறகு அதற்குக் கீழே இருக்கும் எதையும் தொட முடியாது.

காசு போட்டுக் கற்ற பாடம் இன்னொன்று. இரண்டு பாதியையும் இணைப்பது ஹெட்போன் வயர் மாதிரி நாலு வளையம் உள்ள ஒரு வயர். கணினியில் மாட்டியிருக்கும்போதே, மேசையைத் துடைப்பதற்காக அந்த வயரைப் பிடுங்கினேன். அந்தப் பிளக் வெளியே வரும்போது ஒவ்வொரு வளையமும் பக்கத்து வளையத்தின் முனையை உரசிக்கொண்டுதான் வரும். மின்சாரக் கால் தரைக் (கிரவுண்ட்) காலைத் தொட்டது. வலது பாதி கன்ட்ரோலர் அப்போதே போய்விட்டது. முதலில் யூஎஸ்பி, அப்புறம் நடு வயர். இப்போது வயரின் மேல் சிவப்பு நூல் சுற்றி வைத்திருக்கிறேன்.

முதல் பலகை ஓடத் தொடங்கிய வாரம் வேலை ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு சொல் முடிவிலும் வலது கட்டைவிரல் பழக்கத்தில் ஸ்பேஸ் தட்டும், விழுவது ச. 'நான்சநேற்றுசவந்தேன்ச'. பழைய கீபோர்டைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, சம்பள வேலை அதில், காலையில் அரை மணி நேரம் மட்டும் புதியதில் என்று வைத்தேன். ஏதாவது ஒரு செய்தியை அப்படியே பார்த்து அடிப்பேன், இன்ஸ்டிட்யூட்டில் செய்த மாதிரி. நாலாவது வாரம் மாறிக்கொண்டேன். ய-வையும் ழ-வையும்கூட நகர்த்தலாம் என்று ஆசை வந்தது. அடக்கிக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒரு எழுத்துக்கு மேல் நகர்த்தினால் இருபது வருடக் கைப்பழக்கம் மொத்தமாகக் கலையும். எது உதவியது, எது கெடுத்தது என்றும் தெரியாது.

சுண்டுவிரல் சுகமானது. கட்டைவிரல் வலிக்க ஆரம்பித்தது. சிரிக்காதீர்கள். கட்டைவிரல் விசைகளை ஆள்காட்டி விரலின் நிரலுக்கு நேர் கீழே வைத்திருந்தேன், அட்டையில் அது கச்சிதமாகத் தெரிந்தது. ஆனால் அதை அடிக்கக் கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் மடங்கி வர வேண்டும். வெறுங்கையை மேசையில் வைத்துப் பாருங்கள், கட்டைவிரல் தானாகப் போய் நிற்கும் இடம் ஆள்காட்டி விரலைவிட வெளியே இருக்கும். இரண்டாவது பலகையில் விசைகளை ஒரு விசை அகலம் வெளியே தள்ளி, கொஞ்சம் திருப்பி வைத்தேன். அடியில் தச்சரிடம் சொல்லி இரண்டு மர ஆப்பு செதுக்கி வாங்கி, உள்பக்கம் உயரும்படி முட்டுக் கொடுத்தேன். கை குலுக்கப் போகிறவர்போல உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கச் சாய்ந்ததும் முன்கையின் முறுக்கு விட்டது. ஆப்பு விலை நாற்பது ரூபாய். டயோடை விட்டால் முழுப் பலகையிலும் மலிவான பாகம் அதுதான், முதலில் செய்திருக்க வேண்டியதும் அதுதான்.

கீபோர்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் பற்றி ஒன்று மட்டும். க்யூஎம்கே என்ற திறந்த மென்பொருளைத்தான் போட்டிருக்கிறோம். கீபோர்டுக்குத் தமிழே தெரியாது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அது 'சதுர அடைப்புக்குறி விசை அமுங்கியது' என்று மட்டும் சொல்லும். அதை ச ஆக்குவது கணினியில் இருக்கும் தமிழ்99. அதனால் எதை எங்கே நகர்த்தினாலும் எந்தக் கணினியில் மாட்டினாலும் வேலை செய்யும்.

இந்த மென்பொருளில் ஒரே விசைக்கு இரண்டு வேலை கொடுக்கலாம்: தட்டினால் எழுத்து, அழுத்திப் பிடித்தால் ஷிஃப்ட். ஆங்கிலத்தில் அடிப்பவர்கள் நடு வரிசை முழுக்க இப்படி வைத்துக்கொண்டு புகழ்கிறார்கள். நானும் வைத்தேன். இயல்பாக 200 மில்லிநொடி எல்லை. அதைத் தாண்டிப் பிடித்தால் எழுத்து விழாது. தமிழ்99-இல் இடது ஆள்காட்டி விரலின் நடு வரிசை விசை புள்ளி. சாயங்காலம் கை சோர்ந்தால் விரல் கொஞ்சம் தங்கும், புள்ளி விழுங்கப்படும். பள்ளிப் பாடம் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். தலைப்பில் 'கல்வி'யின் புள்ளி காணாமல் போயிருந்தது. அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு முறை மேலே பார்த்தேனே, அந்தப் புண்ணியம். அன்றைக்கே புள்ளி விசையிலிருந்து அந்த வசதியைக் கழற்றினேன். புள்ளிக்கு இரண்டாவது வேலை கொடுக்கக் கூடாது.

செய்ததிலேயே எனக்கு அதிகம் உழைக்கிற சாதனம் கீபோர்டே இல்லை, ஒரு மிதி. சப்டைட்டில் வேலையில் நிமிடத்துக்குப் பத்து முறை படத்தை நிறுத்தி ஓட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் கை எழுத்திலிருந்து விலகும். ஒரு ஹார்டுவேர் கடையில் மெஷின்களுக்குப் போடும் இரும்புக் கால் மிதி சுவிட்ச் கிடந்தது. மீந்துபோன கன்ட்ரோலரில் அதன் இரண்டு கம்பியை இணைத்து, நிறுத்து-ஓட்டு விசையாக வைத்தோம். ஒரு மணி நேர வேலை. டயோடுகூட வேண்டாம். தையல் மெஷின் மிதித்துப் பழகிய வீடு இது, காலுக்குக் கற்றுக்கொடுக்க ஒன்றுமே இல்லை. காதால் கேட்டு எழுதும் வேலை செய்கிறவர்கள் யாராக இருந்தாலும் கீபோர்டை விட்டுவிட்டு முதலில் இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது பலகை வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தோசைக்கல்லை ஒரு கையால் தூக்குகிறேன். மார்ச் மாதம் போல வேலை நெருக்கும்போது கடுப்பு எட்டிப் பார்க்கும், அப்போது எழுந்து நடக்கிறேன். அதற்கு எந்தக் கீபோர்டும் பதில் சொல்லாது. வெளியூர் போனால்தான் சங்கடம். லேப்டாப்பில் ச அடிக்கக் கட்டைவிரல் போகிறது, விழுவது வெற்றிடம். 'பச்சை' என்று அடித்தால் ப, இரண்டு இடைவெளி, ஐ. போன மாதம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவசர வேலை ஒன்றை முடித்துவிட்டு, வெளியே வண்டியோடு நின்ற அண்ணன் மகனுக்கு அதிலிருந்தே ஒரு செய்தி தட்டினேன்: 'சாப்பாடு முடிந்தது, கிளம்பு.' போனது ' ஆப்பாடு முடிந்தது, கிளம்பு.'

உடனே பதில் வந்தது. "யாருக்கு ஆப்பு, அத்தை?"